சீத்தாக்கொட்டையும் ஒரு வலது கண்ணும்

சீத்தாப்பழம் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அவர்கள் பேரில் அல்ல. அந்தக் கொட்டையை இடித்த ஒருத்தியின் வலது கண் போனது நினைவுக்கு வந்துவிடும், அதனால். எங்கள் ஆபீசில், ஆபீஸ் வேலையில், நாங்கள் எல்லோரும் இருக்கும்போதே போனது. அப்படியும் "ஆமாம், எங்களால்தான்" என்று சொல்ல ஒரு வாய் திறக்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டது. இந்தக் கோபத்துக்கு வயதாகவில்லை.

அறுபதுகளின் நடுவில் நான் சென்னையில் ரசாயனம் படித்து முடித்துவிட்டு செஞ்சிக்குத் திரும்பியிருந்தேன். அரிசிப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். ரேஷன் கடை வரிசையில் காலையில் நின்றால் மத்தியானம் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமை கிடைக்கும், அதுவும் பாதி வண்டு. விளைகிறதில் மனிதர் தின்பது போக மீதியை வண்டும் எலியும் தின்கின்றன என்று மேலிடத்தில் யாருக்கோ உறைத்திருக்க வேண்டும். திருவண்ணாமலை ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு அரிசி மில்லின் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையம் திறந்தார்கள். நாம் குப்பையில் போடுகிற தோல், கொட்டை, சக்கை, சருகு எல்லாவற்றையும் எடுத்துப் பொடித்து, அதில் தானியத்தைக் காப்பாற்றுகிற சத்து ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. எனக்கு உதவியாளர் உத்தியோகம் கொடுத்தார்கள்.

நினைத்துப் பார்த்தால் அருமையான யோசனைதான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. கடலைத் தொலி, புளியங்கொட்டைத் தோல், மாதுளை ஓடு, வேப்பம் பிண்ணாக்கு என்று சாக்குச் சாக்காக வந்து இறங்கும். கிடங்கு முழுக்க ஒரு மாதிரி கலவை வாசம் அடிக்கும். எனக்குப் பிடித்த வாசம்.

சோதிக்கிற முறை சுலபம். கண்ணாடி ஜாடியில் கோதுமையைப் போட்டு, அதில் பொடியைக் கலந்து, வண்டுகளை விட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டிவிட வேண்டும். பக்கத்திலேயே பொடி கலக்காத ஒரு ஜாடி. சில நாள் கழித்து இரண்டையும் கொட்டி, எத்தனை வண்டு செத்திருக்கிறது என்று எண்ண வேண்டும். நிறைய செத்தால் அந்தப் பொடி தேறியது. சாகவில்லை என்றால் சாக்கோடு வெளியே.

இங்கேதான் எனக்குச் சிக்கல். எங்களுடையது நயினார் வீடு, சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் அடுப்பு கிடையாது, தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பது கிடையாது. அரிசியில் வண்டு விழுந்தால் எங்கள் வீட்டில் வெயிலில் பரப்ப மாட்டார்கள், வண்டு துடிக்கும் என்று. நிழலில் முறத்தில் கொழித்து, விழுந்த வண்டுகளைத் தோட்டத்து மூலையில் ஒரு பிடி நொய்யோடு கொண்டுபோய் விடுவோம். போகிற உயிர் பட்டினியாகப் போகக் கூடாதாம்.

இதை ஒருநாள் வாய்தவறி ஆபீசில் சொல்லிவிட்டேன். எங்கள் ஆபீசர் சென்னைப் பக்கத்துக்காரர், படித்தவர், சிரித்த முகம். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். "நாட்டுல மனுஷனுக்கே ரேஷன் இல்லை, உங்க வீட்டுல வண்டுக்கு ரேஷனா?" என்றார். அதற்குப் பிறகு நான் ஜாடியைத் தொட்டாலே "பாத்தும்மா, பாவம் ஒட்டிக்கும்" என்பார். ஆனால் செத்ததை எண்ணுகிற வேலையை அவரே செய்துகொண்டார். அந்த மட்டும் நல்ல மனிதர்தான்.

நான் என் பங்குக்கு வேறொரு சோதனை செய்தேன். ஒரு தகரத் தட்டின் இரண்டு ஓரத்திலும் கோதுமைக் குவியல், ஒன்றில் பொடி கலந்தது, ஒன்றில் கலக்காதது. வண்டுகளை நடுவில் விட்டுவிட்டு எந்தப் பக்கம் போகின்றன என்று பார்ப்பது. பஸ் ஸ்டாண்ட் சோடாக் கடையில் பிழிந்து எறிந்த எலுமிச்சைத் தோலைப் பொறுக்கி வந்து காயவைத்துப் பொடித்திருந்தேன். அதை வைத்த பக்கம் வண்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடம் மாற்றி வைத்தேன், மறுபடியும் அப்படியே. சந்தோஷத்தில் ஆபீசரை இழுத்து வந்து காட்டினேன்.

அவர் தட்டைப் பார்த்தார். "செத்துச்சா?" என்றார்.

"சாகலை சார். கிட்டவே வரலை."

"ஓடுறதெல்லாம் கணக்குல வராது. இங்க துரத்தினா பக்கத்து வீட்டுக்குப் போகும். அவ்ளோதானே?"

அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தன் குதிரில் இருக்கிற நெல்லைக் காப்பாற்ற நினைக்கிற ஒருத்திக்கு வண்டு செத்தால் என்ன, ஓடினால் என்ன? தின்கிற பண்டத்தில் எலுமிச்சைத் தோல் கலந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. விஷம் கலந்தால்? இதைக் கேட்டேன். "மொதல்ல கொல்லுதான்னு பாப்போம், மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். அந்த 'அப்புறம்' என்கிற வார்த்தை மேல் எனக்கு அன்றிலிருந்து ஒரு வெறுப்பு.

கொல்கிற சரக்கு புரட்டாசியில் வந்து சேர்ந்தது. செஞ்சி மலைகளில் பாறை இடுக்கெல்லாம் சீத்தாச் செடிதான். அந்த மாசத்தில் பஸ் ஸ்டாண்டில் கூடை கூடையாகப் பழம் விற்கும், தரையெல்லாம் கறுப்புக் கறுப்பாகக் கொட்டை இறைந்து கிடக்கும். பெருக்கி அள்ளி வந்து கழுவிக் காயவைத்து, கொஞ்சமாகப் பொடித்து ஜாடியில் போட்டோம். அத்தனை வண்டும் கால் பரப்பிக் கிடந்தன. ஆபீசர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்த மாதிரி ஒரு பூரிப்பு. சென்னையிலிருந்து மேலிடத்துப் பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள், அதற்குள் ஒரு மூட்டைப் பொடி தயாராக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

சீத்தாக்கொட்டைப் பொடி என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? தலையில் பேன் விழுந்தால் அதைத்தான் எண்ணெயில் குழைத்துப் போடுவார்கள். போடுகிறதற்கு முன் கண்ணை மூடித் துணி கட்டுவார்கள். ஒரு துளி கண்ணில் பட்டால் கண் சிவந்து வீங்கி, வெளிச்சமே பார்க்க முடியாது. அரைத்துவரச் சொல்லி மாவு மில்லுக்கு அனுப்பினோம். மில்லுக்காரர் "எங் கல்லுல அத்தப் போட்டுட்டு அப்புறம் ஊரு சனத்துக்கு இன்னாத்த அரைக்கறது?" என்று மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் ஒருவருக்காவது 'அப்புறம்' என்பது முன்னாலேயே நினைவுக்கு வந்தது.

ஆகவே கையால் இடிப்பது என்று முடிவாயிற்று. ஆபீசில் இடிக்க, புடைக்க, கழுவ என்று ஒரு பெண் இருந்தாள். சிங்கவரத்திலிருந்து நடந்து வருவாள். முப்பது வயது இருக்கும், புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் என்னைச் சின்னம்மா என்பாள். வாய் ஓயாது, யாரையும் விட்டுவைக்க மாட்டாள். ஆபீசர் செத்த வண்டுகளை எண்ணுவதைப் பார்த்துவிட்டு, "எழவு வூட்டுல தலை எண்றாப்ல எண்றாரு" என்று என் காதில் சொல்வாள்.

நான் ஆபீசரிடம் போய்ச் சொன்னேன். வெளியே மரத்தடியில் காற்று போகிற பக்கம் பார்த்து இடிக்கட்டும், கண்ணுக்குக் கண்ணாடி வரவழையுங்கள், அதுவரை பொறுக்கலாம் என்றேன். அவர் கண்ணாடிக்கு எழுதிப் போடுவதாகச் சொன்னார். வெளியே இடிப்பதற்கு மட்டும் ஒப்பவில்லை. இவ்வளவு கொட்டைக்கு இவ்வளவு பொடி என்று எடை போட்டுக் காட்ட வேண்டுமாம், காற்றில் பறந்தால் எடை குறையுமாம். கிடங்குக்குள் உரலை இறக்கினார்கள். சன்னல்களைச் சாத்தினார்கள். மின்விசிறியையும் நிறுத்தினார்கள். நான் மறுபடியும் போய்ச் சொன்னேன். "தலைமுறை தலைமுறையா இடிக்கிறவங்கம்மா. நீ ஏன் இப்படிப் பதறறே?" என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு இடித்தாள். கண்ணை எப்படிச் சுற்றுவது? உலக்கை விழுகிற இடம் தெரிய வேண்டாமா? மூடிய அறையில் தூள் மேலே எழும்பி எழும்பி, வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் புகைபோல நின்றது. நான் பக்கத்து அறையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். உலக்கைச் சத்தம் நின்றது. பிறகு "சின்னம்மா" என்று ஒரு குரல். கத்தவில்லை, மெதுவாகத்தான் கூப்பிட்டாள். நான் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இரண்டு கண்ணிலிருந்தும் நீர் கொட்டுகிறது, இமை திறக்க முடியவில்லை.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஜட்கா வண்டி பிடித்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கம்பவுண்டர் கழுவி மருந்து விட்டார். ராத்திரியெல்லாம் துடித்தாளாம். மறுநாள் பஸ்ஸில் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், நான்தான் கூடப் போனேன். அங்கே பல நாள் வைத்திருந்தார்கள். இடது கண் தப்பியது. வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. கறுவிழி மேல் பால் சொட்டின மாதிரி ஒரு வெள்ளை. இனி வெளிச்சம் மட்டும் தெரியும் என்றார் டாக்டர்.

நான் புதுச்சேரியிலிருந்து திரும்பி வந்த அன்று மேசை மேல் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. சென்னையிலிருந்து வந்த பாதுகாப்புக் கண்ணாடிகள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். பழமொழி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"சார், வேலையில அடிபட்டதுன்னு நிலையம் எழுதிக் கொடுக்கணும். அவளுக்கு ஏதாவது செய்யணும்" என்றேன். அவர் எதிர்பார்த்திருந்தார் போல, உடனே பதில் வந்தது.

"இடிச்ச கையோட கண்ணைக் கசக்கியிருக்கா. அதுக்கு நிலையம் என்னம்மா பண்ணும்? எனக்கும் வருத்தம்தான்."

கசக்கினாளாம். இரண்டு கையும் உலக்கையில் இருந்தவள், எந்தக் கையால் கசக்கினாள்? அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காதவர் எப்படிக் கண்டார்? கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீ சின்னப் பொண்ணு, உணர்ச்சிவசப்படறே" என்றார். அந்தச் சொல்லை ஒரு ஆண்பிள்ளையிடம் அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கூத்து. எங்கள் வீட்டில் எல்லாம் அத்தை வைத்ததுதான் சட்டம். அப்பாவை நாங்கள் நைனா என்போம், அவருக்கு மூத்தவள். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அத்தை முழுக்கக் கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அத்தினி உசுரக் கொன்ன பாவம் சும்மா வுடுமா? நல்லவேள, உனுக்கு வராம அவளோட போச்சி."

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. "அவ எந்த வண்டையும் கொல்லலியே அத்த" என்றேன்.

"இடிச்சது அவதான? அது கெடக்கட்டும். நீ வர்ற அஷ்டமிக்கு உபவாசம் இரு. அந்த வண்டுங்க பாவம் உம்மேல இல்லாம தீரணும்."

"கண்ணு போச்சே அத்த, அதுக்கு எந்த உபவாசம்?"

நைனாதான் வாயைத் திறந்தார். "பெரியவங்கள எதுத்துப் பேசாத" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

எங்கள் தர்மம் அப்படிச் சொல்லவில்லை. பூச்சிக்கு இத்தனை அறிவு, பறவைக்கு இத்தனை அறிவு, மனிதருக்கு ஆறறிவு என்று படிப்படியாகப் பிரித்து, மேலே போகப் போக இம்சையின் பாவமும் பெரிது என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்ததே இந்த அத்தைதான். தோட்டத்து மூலையில் வண்டுக்கு நொய் வைக்கிற கை, சிங்கவரத்துக்கு ஒரு படி அரிசி கொடுத்தனுப்ப நீளவில்லை. ஆபீசில் வண்டு செத்தால் வெற்றி என்றார்கள், வீட்டில் பாவம் என்றார்கள். இரண்டு இடத்திலும் பேச்சு வண்டைப் பற்றித்தான். நான் அந்த அஷ்டமிக்கு வேண்டுமென்றே மூன்று வேளையும் சாப்பிட்டேன். அத்தை ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

கார்த்திகை பிறந்து மழை விட்டபோது அக்கா திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள். வலது பக்கம் யாராவது நின்றால் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். வேலை கேட்டு வாசலில் நின்றாள். நான் உள்ளே போய் ஆபீசரிடம் சொன்னேன்.

"இப்ப இருக்கிறது வண்டு பொறுக்குற வேலைம்மா. செத்தது எது, உசிரோட இருக்கிறது எதுன்னு கூர்ந்து பாக்கணும். கண்ணு சரியில்லாதவளை வெச்சு நான் என்ன பண்றது?"

அதை அவர் எந்தச் சங்கடமும் இல்லாமல், நிஜமாகவே ஒரு நிர்வாகச் சிக்கலைச் சொல்கிறவர் போலச் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அப்போ நானும் இங்கே வேலை செய்ய மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அக்காவிடம், "வா போலாம், நான் வேலைய விட்டுட்டேன்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "நீ வேலைய வுட்டா என் கண்ணு வந்துடுமா?" என்றாள். "வூட்டுல ரெண்டும் பட்டினியா கெடக்குது. உள்ள ஆளுன்னு இருக்கறது நீ ஒருத்தி. நீயும் வெளிய வந்துட்டா நான் யாரப் புடிக்கறது? போ, உள்ள போய் எனக்கு எதனா வேலையக் கேளு."

என் கோபத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? நான் திரும்பி உள்ளே போனேன். எனக்கு அதைவிடக் கஷ்டமான நடை இருந்ததில்லை. இந்த முறை கெஞ்சவில்லை. அவளுக்கு வேலை தராவிட்டால் வருகிற பெரியவர்களிடம் சன்னலைச் சாத்தி இடிக்கவைத்ததைப் பற்றி நானே சொல்வேன் என்றேன். அவர் பெருக்கித் துடைக்கிற வேலை கொடுத்தார். ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை, வேலைதான் கேட்டாள்.

தள்ளித் தள்ளிப் போன பெரியவர்களின் வருகை தை மாசத்தில்தான் நடந்தது. ஒரு காரில் மூன்று பேர் வந்தார்கள். ஆபீசர் ஜாடிகளை வரிசையாக வைத்துக் காட்டினார். சீத்தாக்கொட்டை ஜாடியைப் பார்த்து அவர்கள் தலையாட்டினார்கள், ஒருவர் கை குலுக்கினார். என் எலுமிச்சைத் தோல் தட்டு அலமாரிக்கு மேலே ஏற்றப்பட்டிருந்தது. காபி வந்தது. காபியோடு கொஞ்சம் பேச்சும் தளர்ந்தது.

வந்தவர்களில் வயதானவர், மூலையில் துடைப்பத்தோடு ஒதுங்கி நின்ற அக்காவைக் கவனித்தார். கண்ணில் என்ன என்று கேட்டார். என் வாயில் சொல் வந்துவிட்டது. அதற்குள் ஆபீசர் முந்திக்கொண்டார்.

"பாவம் சார், ஒரு கண்ணு தெரியாது. புருஷனும் கிடையாது. வேற யாரு வேலை கொடுப்பாங்க? நம்மளால ஆன உதவின்னு வெச்சிருக்கேன்."

பெரியவர் மனம் நெகிழ்ந்து போனார். "ரொம்ப நல்ல காரியம்" என்றார். மற்ற இருவரும் ஆபீசரை ஒரு மரியாதையோடு பார்த்தார்கள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். பேசுவதற்கு எழுந்தேன்.

நான் பேச வேண்டியிருக்கவில்லை. அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தப் பெரியவரைப் பார்த்துச் சொன்னாள். குரல் உயரவில்லை.

"இங்க வேலைக்கி வர்றப்ப ரெண்டும் நல்லா தெரிஞ்சுதுங்க."